உபயம்: வேங்கடேசன் மற்றும் குடும்பத்தார்

வேங்கடேசன் ஒரு டியூப்லைட்டைத் தானமாகக் கொடுத்தால் அதில் வெளிச்சம் வர இடம் இருக்காது. ‘உபயம்’ என்று தொடங்கி அவர் பெயர், அவருடைய பேண்டேஜ் துணிக் கம்பெனியின் பெயர், ஊர், செல்போன் நம்பர் என்று குழாய் முழுக்கச் சிவப்பு எழுத்தை அப்பி வைத்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வாராவாரம் போய்வந்த பஜனை மடத்தில், அவர் கொடுத்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் பாடினார்கள். பெஞ்சில் அவர் பெயர், தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயர், செருப்பு விடுகிற இடத்துப் பலகையிலும் அவர் பெயர். அந்த மடத்தில் பெருமாளுக்குக்கூட அத்தனை இடத்தில் பெயர் கிடையாது.

ராஜபாளையத்தில் அந்த மனிதருடைய வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். மில்களுக்கு உதிரிபாகம் விற்கிற வேலை எனக்கு. காலையில் சேத்தூர், செட்டியார்பட்டி என்று பைக்கில் சுற்றிவிட்டு மத்தியானம் வந்து படுத்தால், கீழே பின்வாசலில் பேசுவதெல்லாம் ஜன்னல் வழியே மேலே ஏறி வரும். நான் ஒட்டுக்கேட்டதில்லை. வேங்கடேசன் வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவர் மனைவி வைஜயந்தி மரக்கடைக்காரர் மகள். நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்காதவள். கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்களில் அவள் அப்பா அவள் பெயரை வெட்டி அனுப்பியிருந்தார். வேங்கடேசன் அத்தனையையும் மூட்டை கட்டிப் பாத்திரக்கடைக்குத் தூக்கிப்போய், பழைய பெயரை அழித்துத் தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தார். கஞ்சி வடிக்கிற தட்டைக்கூட விடவில்லை. இதை அவளேதான் என்னிடம் சொன்னாள்.

“இந்த வீட்டுல பேரு வெட்டாம இருந்தது நானும் நாயுந்தான் அண்ணாச்சி. போன மாசம் நாய்க்குக் கழுத்துப்பட்டையில எழுதிட்டாவ.”

அந்தப் பங்குனியில் அவள் வில் செய்ய உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கும்போது அவளும் பிரிஸ்கில்லா என்ற தோழியும் மதுரையில் வில்வித்தை பழகியவர்கள். பிரிஸ்கில்லா இப்போது சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவள்தான் சேதி கொண்டுவந்தாள். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அம்பு விடுகிறவர்கள் கூடுகிறார்களாம். கடையில் வாங்கிய வில்லுக்கு அங்கே இடமில்லை. அவரவர் கையால் செய்த மரவில்லோடுதான் வரவேண்டும். வாரியா என்று கேட்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டாள் வைஜயந்தி. கல்யாணமான நாளிலிருந்து யாரையும் கேட்காமல் அவள் சொன்ன முதல் ‘வாரேன்’ அதுதான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது.

அவள் அண்ணன் மதுசூதனின் மரக்கடையில் பல வருடமாகச் சாய்ந்து கிடந்த ஒரு தடசுக் கட்டையைத் தேர்ந்தெடுத்தாள். கோடாலிக் காம்புக்குப் போடுகிற மரம். நன்றாக வளையும், சட்டென்று ஒடியாது. ஆப்பு வைத்துப் பிளந்து, ஆளுயரத் துண்டு ஒன்றை ஷேர் ஆட்டோவில் வெளியே நீட்டியபடி கொண்டுவந்து இறங்கினாள். வேங்கடேசன் வாசலில் நின்று பார்த்தார்.

“என்னட்டி இது, வெறகா?”

“வில்லு.”

“வில்லா! யார அடிக்கப் போற? காக்காய அடிப்பியா?”

“காக்கா அதுபாட்டுக்கு இருக்கு. அதா எங்கிட்ட வம்புக்கு வந்துச்சு?”

“பாக்குறவன் என்ன நெனப்பான்? வேங்கடேசன் பொண்டாட்டிய ஆசாரி வேலைக்கு விட்டுட்டான்னு சொல்ல மாட்டான்? கம்பெனி வச்சு நடத்துறவன் வீடு இது.”

“சொன்னாச் சொல்லட்டும். உள்ள மோர்க்குழம்பு இருக்கு, போய்ச் சாப்பிடுங்க. சூடு ஆறிட்டா அதுக்கும் என்னத்தான் வைவிய.”

“நல்ல மரத்த வீணாக்குத. கடைசில தண்ணி காயவைக்கத்தான் ஆவப்போவுது” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று வேலைக்கு வரும் பாண்டிசெல்வி சொன்னாள்.

வேலை பின்வாசல் மாமரத்தடியில் நடந்தது. மாமரத்தில் சப்பட்டை மாங்காய் காய்த்துத் தொங்கிய நேரம். மலைப்பக்கமிருந்து வருகிற காற்றும் அந்த வருடம் அனலாகத்தான் வந்தது. வைஜயந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, முதலில் பட்டையை உரித்தாள். பட்டைக்குக் கீழே இருந்த வெளுத்த மரத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மரத்தின் ஒரே ஒரு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் மேலே தெரியும்படி நிறுத்தினாள். அதற்கே நாட்கள் போயின. கண் வலிக்க அந்த ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து அவள் குனிந்திருந்ததைப் பார்க்க எனக்கே இடுப்பு வலித்தது.

“இதுதான் முதுகு அண்ணாச்சி. வில்ல இழுக்கையில அம்பு போற பக்கம் பாத்து இருக்கும். வளையும்போது அம்புட்டு இழுவையும் இதுதான் தாங்கணும். நம்ம பக்கம் இருக்கது வயிறு. செதுக்குறதெல்லாம் வயித்துலதான். முதுகுல ஒரு நகக்கீறல் பட்டாலும் அங்கன இருந்துதான் ஒடியும்.”

“மனுசனுக்கும் அப்படித்தான்” என்று நான் ஏதோ பெரிய மனுசத்தனமாகச் சொன்னேன்.

“மனுசன விடுங்க. இந்தக் கயித்தப் பிடிங்க” என்றாள்.

என்னைக் கயிறு இழுக்க வைத்ததுதான் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை. சுவரில் ஒரு முளை அடித்து அதில் வில்லின் நடுவைக் கிடையாக மாட்டினாள். பழைய கிணற்றுக் கப்பியைக் கீழே கட்டி, தற்காலிகமாகக் கட்டிய நாணிலிருந்து வந்த கயிற்றை அதன் வழியே என் கையில் கொடுத்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்று இழுக்க வேண்டும். வில் வளைவதை அவள் என் பக்கத்தில் நின்று பார்ப்பாள். எந்த இடம் வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. பிறகு வில்லை இறக்கி, கோடு போட்ட இடத்தில் மட்டும் வயிற்றுப் பக்கம் அரத்தால் ராவுவாள். திரும்ப மாட்டு, திரும்ப இழு.

“இன்னுங் கொஞ்சம் இழுங்க. போதும் போதும்! அவசரப்படாதிய. வில்லோட எடது கை சோம்பேறியா நிக்கி பாருங்க.”

“எனக்குத் தெரியலயேம்மா.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மாங்காயப் பாத்துக்கிட்டுல்லா இழுக்கிய.”

உண்மைதான். பாண்டிசெல்வி அப்போது சப்பட்டை மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். மூன்று பேரும் மரத்தூளை ஊதிவிட்டுத் தின்றோம். பல் கூசியது.

நாணை மில் நூலில் முறுக்கினாள். நான்தான் செட்டியார்பட்டி மில் ஒன்றிலிருந்து கெட்டியான பாலியஸ்டர் நூல் வாங்கிவந்தேன். அதில் தேன்மெழுகு தேய்த்தாள். கடைசி நாட்களில் அரத்தை வைத்துவிட்டு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினாள். மரம் சுருள் சுருளாக வந்தது. பிறகு உப்புத்தாள். பிறகு செம்பின் அடிப்பாகத்தால் முதுகு முழுக்க அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அந்தச் செம்பிலும் வேங்கடேசன் என்று வெட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த பேண்டேஜ் துணியில் ஆளிவிதை எண்ணெயை நனைத்துப் பூசிப் பூசிக் காயவைத்தாள். அந்தத் துணி உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்பட்டதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

முடிந்த வில்லை அவள் நாணேற்றி நிறுத்தியபோது இரண்டு கையும் ஒன்றுபோல வளைந்து நின்றது. தேன் நிறம். ஒரு பூவேலை கிடையாது, சாயம் கிடையாது. பின்வாசல் கடைசியில் கழிவுப் பஞ்சு மூட்டையை நிறுத்தி, அதை நோக்கி அவள் முதல் அம்பை விட்டாள். மூட்டையில் பாதி வரை இறங்கிவிட்டது. பாண்டிசெல்வி “ஏயப்பா!” என்று கத்தினாள். வைஜயந்தி வில்லைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தோஷத்துக்கு நானும் கயிறு இழுத்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து பஜனை மடத்துக் காரியதரிசி சங்கரலிங்கம் வந்து சேர்ந்தார். ராமநவமிக்கு மடத்தில் சீதா கல்யாண உற்சவம் நடத்துவார்கள். அதற்கு எதைக் கேட்கலாம் என்று வேங்கடேசனைத் தேடி வந்தவர் வில்லைப் பார்த்துவிட்டார்.

“அடேயப்பா, வேங்கடேசன்! நாங்க வருசா வருசம் அட்டையில வில்லு வெட்டி ஜிகினா ஒட்டி வைக்கோம். ஒங்க வீட்டுல நெச வில்லே இருக்கே! யாரு செஞ்சது?”

“நம்ம வீட்டுல செஞ்சதுதான்” என்றார் வேங்கடேசன். தண்ணி காயவைக்கத்தான் ஆகும் என்று சொன்ன அதே வாய். “மடத்துக்குன்னே நெனச்சுத்தான் செஞ்சது. எடுத்துக்கோங்க.”

சங்கரலிங்கம் போனதும் கீழே சண்டை. அன்று நான் ஜன்னலை வேண்டுமென்றே திறந்து வைத்தேன்.

“யாரக் கேட்டுக் குடுத்திய? இது எனக்குச் செஞ்சது. ராமநவமி கழிஞ்சு வார ஞாயித்துக்கெழம நான் தென்காசிக்கு இதக் கொண்டுக்கிட்டுப் போவணும்.”

“ஒனக்கு வேற எனக்கு வேறயாட்டி? வீடு ஒண்ணுதான. ஒரு நாளு கூத்து. பொறவு நீ எடுத்துக்க.”

“பொறவு தருவியளா?”

“தாரேன் தாரேன். சாமி காரியத்துக்கு மூஞ்சியத் தூக்காத.”

“அப்போ சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோங்க. அப்படியே கொண்டுபோய் அப்படியே கொண்டாங்க. முதுகுப் பக்கம் ஆணி, பசை, ஒண்ணும் படக் கூடாது.”

“எனக்குச் சொல்லித் தாரியா நீ? எம்புட்டுக் கல்யாணத்த நடத்தி வச்சிருக்கேன்.”

வில்லுக்கும் கல்யாணம் நடத்தி வைத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மறுநாள் அவள் மதுசூதன் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் வில்லைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராமநவமி அன்று காலையில் வைஜயந்தியோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கூட்டம் வேண்டுமே. மடத்தில் சுக்குப் பானகமும் நீர்மோரும் வாசலிலேயே கொடுத்தார்கள். உள்ளே ராமர் படத்துக்கு முன்னால் மஞ்சள் பட்டுத்துணி மூடி வில் கிடந்தது. வைஜயந்தி நேரே போய்த் துணியை விலக்கினாள். நான் பின்னால் நின்றேன்.

வில்லின் பிடியிலிருந்து மேல் கை நெடுக, முதுகுப் பக்கம், நகம் புதைகிற ஆழத்துக்கு எழுத்து வெட்டி அதில் தங்கப் பெயிண்ட் ஊற்றியிருந்தது. ‘உபயம்: வேங்கடேசன் மற்றும் குடும்பத்தார்.’

அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். அத்தனை நாளும் ஒரு கோட்டைக் காப்பாற்றக் குனிந்திருந்தவள் அவள். அந்தக் கோடு இப்போது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

“யாரு வெட்டுனது?”

“லிங்கேஸ்வரன் கடையில. மிசின் வேலை. எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாத்தியா?” என்றார் வேங்கடேசன். பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

“முதுகுல வெட்டிட்டியளே.”

“வெளிய வெட்டுனாத்தான ஆளுகளுக்குத் தெரியும்? உள்பக்கம் எழுதுனா வில்லப் பிடிக்கிறவனுக்கு மட்டுந்தான் தெரியும். அதுக்கு எதுக்கு எழுதணும்?”

“சரி, போவட்டும். இழுக்காதிய. சும்மா வச்சு மாலையப் போடுங்க. இழுத்தா ஒடிஞ்சிரும்.”

“ஒரு எழுத்தத் தாங்காத வில்லு என்னத்துக்கு ஆவும்? ஒன் வேலை அம்புட்டுதான்னு நீயே சொல்லுதியா?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாடிப்போன கத்தரிக்காயைக் கூடையிலேயே திரும்பப் போடுகிற பார்வை. “நான் சொல்லிட்டேன்” என்றாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போய்ப் பிடுங்கிட்டு வரட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“எதுக்கு அண்ணாச்சி? வெட்டுனதுமே செத்துப்போச்சு அது. அவிய இழுக்கட்டும்.”

பாட்டு முடிந்து வில்லெடுக்கிற கட்டம் வந்தது. ராமர் சார்பாக உபயதாரரே நாணேற்றி இழுப்பார் என்று சங்கரலிங்கம் மைக்கில் சொன்னார். நாணேற்ற இரண்டு பேர் உதவி தேவைப்பட்டது. வேங்கடேசன் வில்லைக் கையில் தூக்கி, எழுத்து கூட்டத்துக்குத் தெரியும்படி ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் காட்டிவிட்டு, போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுத்தார்.

படாரென்றது. மேல் கை நடுவில் முறிந்து தெறித்தது. நாண் அவர் காதில் சுளீரென்று அடித்தது. “ஐயோ!” என்று காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். இந்த ஆளின் ஆட்டம் இன்றோடு முடிந்தது என்று நான் மனதுக்குள் குளிர்ந்தேன். ஊரைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

“ஒடிஞ்சிருச்சுய்யா! ராமர் கையில ஒடிஞ்சாப்புலயே ஒடிஞ்சிருச்சு! கோவிந்தா! கோவிந்தா!” என்று சங்கரலிங்கம் மைக்கில் அலறினார்.

கூட்டம் முழுக்கக் கோவிந்தா போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். வேங்கடேசன் காதிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். நிமிர்வதற்குள் தானே திட்டம் போட்டு ஒடித்ததாக அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சிவந்த காதோடு போட்டோவுக்கு நின்றார். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்குப் பொன்னாடை போர்த்துகிற ஊரில் அவர் பெயரெழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

வைஜயந்தி எழுந்துபோய் இரண்டு துண்டையும் பொறுக்கினாள். பிடியோடு இருந்த நீளத் துண்டில் ‘உபயம்: வேங்கடேசன்’ என்றும், நுனித் துண்டில் ‘மற்றும் குடும்பத்தார்’ என்றும் இருந்தது.

திரும்பும் வழியில் காரில் பால்கோவா வாசனை. கை நிறைய வாங்கிப் போட்டிருந்தார்.

“பாத்தியாட்டி, ஒடிஞ்சதும் நல்லதுக்குத்தான். அடுத்த வருசத்துக்கு இன்னொண்ணு செஞ்சிரு. செத்த அகலமாச் செய்யி, எழுத்து எடுப்பாத் தெரியணும்.”

“ஞாயித்துக்கெழம நான் தென்காசி போவணும்னு சொல்லியிருந்தேன்.”

“அதான் ஒடிஞ்சிருச்சுல்லா. வெறுங்கைய வீசிக்கிட்டா போவ? வீட்டுல கெட.” ஒரு விள்ளல் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்கில்லாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வைஜயந்தி எடுக்கவில்லை. பின்வாசலில் கப்பியை அவிழ்த்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். எனக்கு வேங்கடேசனை நான்கு அறை அறைய வேண்டும் போல இருந்தது. நான் வாடகைக்காரன். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவள் மத்தியானங்களில் மதுசூதன் மரக்கடைக்குப் போக ஆரம்பித்தாள். வேங்கடேசன் தடுக்கவில்லை. அடுத்த வருட உபயம் தயாராகிறது என்று நினைத்துக்கொண்டார். நான் ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது எட்டிப்பார்த்தேன். இன்னொரு தடசுக் கட்டையைப் பிளந்துகொண்டிருந்தாள். கட்டையில் இறங்கியிருந்த ஆப்பில் தங்க எழுத்து தெரிந்தது. நுனித் துண்டைச் சீவி ஆப்பாக்கியிருந்தாள்.

“குடும்பத்தார் ஆப்புக்கு நல்லா ஆவுது அண்ணாச்சி” என்று சொல்லி ஓங்கி அடித்தாள். கட்டை வாய்விட்டது.

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வாரம். வீட்டு வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் நடைக்கு ஏறியது. மழை விட்ட ஒரு காலையில் பாண்டிசெல்வி சேலையைச் செருகிக்கொண்டு அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சங்கரலிங்கம் மடத்து ஆட்கள் சிலரோடு வந்தார். மார்கழிக்கு ஏதோ உபயம் கேட்க வந்திருந்தார்கள். வேங்கடேசன் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“வாங்க வாங்க. ராமநவமிக்கும் இப்பவே சொல்லிப் போடுதேன். இந்தத் தடவ போன தடவைய விடப் பெரிய வில்லு. வீட்டுல வேலை நடந்துக்கிட்டு இருக்கு. லிங்கேஸ்வரன்கிட்டயும் எழுத்துக்குச் சொல்லியாச்சு.”

சங்கரலிங்கம் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அங்கேதான் பார்த்தார்கள். பாண்டிசெல்வி கையிலிருந்த கம்பு கறுப்புச் சேற்றிலிருந்து மேலே வரும்போதெல்லாம் ‘உபயம்: வேங்கடேசன்’ என்று பளிச்சென்று தெரிந்தது. தங்கப் பெயிண்ட் நல்ல பெயிண்ட். சேறு அதில் ஒட்டவில்லை.

வேங்கடேசனின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. “யாருட்டி இத எடுத்துக் குடுத்தது? வைஜயந்தி!”

அவள் உள்ளேயிருந்து வந்தாள். தலை பின்னி, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். தோளில் நீளத் துணிப்பையில் புது வில். தெருவில் பிரிஸ்கில்லாவின் ஸ்கூட்டர் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“நாந்தான் குடுத்தேன். என்ன?”

“சாமி காரியத்துக்கு எடுத்த வில்லு! சாக்கடைக்கா?” என்றவர், ஆட்கள் நிற்பது ஞாபகம் வந்து குரலை இறக்கினார். “சரி, அத விடு. புது வில்ல எடுத்துக்கிட்டு எங்க போற? அத இவியகிட்டக் காட்டு.”

“இது எனக்குச் செஞ்சது. இதுல ஒருத்தர் பேரும் கெடையாது. தென்காசில மறுபடியும் கூடுதாவ, நான் போறேன். சோறு வடிச்சு வச்சிருக்கேன், ராத்திரிக்குள்ள வாரேன்.”

“அப்போ ராமநவமிக்கு மடத்துக்கு என்னத்தக் குடுக்க?”

வைஜயந்தி செருப்பை மாட்டிக்கொண்டு சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அதான் இருக்கே. பேரும் ஏற்கெனவே போட்டாச்சு. ஏ பாண்டிசெல்வி, குத்தி முடிச்சதும் நல்லாக் கழுவி இவியகிட்டக் குடுத்துரு.”

ஸ்கூட்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. சங்கரலிங்கம் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். வேங்கடேசன் விறுவிறுவென்று போய் அந்தக் கம்பைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

“செத்த இருங்க மொதலாளி” என்றாள் பாண்டிசெல்வி, நிமிராமலே. “அடைப்பு இன்னும் எடுபடல.”